மேசையில் வைத்த பணம் யாருக்கு?

உணவகத்தில் உண்டு முடித்ததும் சிறு தட்டில் பில் வருகிறது. ஓரத்தில் சிறிது சோம்பும் கற்கண்டும் இருக்கின்றன. தொகையைச் செலுத்திய பின், இருபதோ ஐம்பதோ அத்தட்டில் வைத்துவிட்டு எழுகிறோம். பரிமாறியவர் புன்னகையுடன் அதை எடுத்துக்கொள்கிறார். நம்மைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. அந்த உணவகத்தின் உள்ளேயோ கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த ஐம்பது ரூபாய் பரிமாறியவர் ஒருவருக்கே உரியதா? அடுப்பின் அனலில் நின்று சமைத்த மாஸ்டருக்கு அதில் பங்கு உண்டா? நாம் அமர்வதற்கு முன் மேசையைத் துடைத்தவருக்கும், பின்கட்டில் ஈரத் தரையில் நின்று பாத்திரம் கழுவுபவருக்கும் ஏதேனும் சேருமா? பணம் வாடிக்கையாளரின் அன்பளிப்பாக இருந்தாலும், அதைப் பங்கிடும் முறை சரியில்லையெனில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வோரிடையே மனக்கசப்பு வளர்கிறது. பங்கு பெறாத சமையற்கூடம், பங்கு தராத சர்வரின் ஆர்டரைக் கடைசியில் எடுக்கிறது. அதன் விளைவு ஆறிய உணவாக நம் மேசைக்கே வந்து சேர்கிறது.

நம் வாடிக்கையாளர்களுள் உணவகமும் விடுதியும் நடத்துவோர் பலர். அவற்றில் பணிபுரிவோர் அவர்களினும் பலர். அங்கு உண்ண விரும்பாதவர் அரிது. ஆகவே டிப்ஸ், சேவைக் கட்டணம் ஆகியவற்றின் நியாயமான பங்கீடு குறித்து இவ்விதழில் ஒரு பாடமாகவே பார்ப்போம்.

மூன்று தொகைகள், மூன்று வழிகள்

முதலில் பில்லைப் படிக்கக் கற்போம். உணவின் விலைக்கு மேல் மூன்று வகைத் தொகைகள் வரலாம்.

முதலாவது சரக்கு மற்றும் சேவை வரி. இது அரசுக்குச் செல்வது. இதைச் செலுத்தாமலிருக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது சேவைக் கட்டணம். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை நிறுவனமே பில்லில் சேர்ப்பது. பெயரின் சாயலால் இதையும் வரி என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். இதில் ஒரு காசும் அரசுக்குரியதன்று. நிறுவனத்தின் கைக்கே செல்கிறது. அங்கிருந்து ஊழியருக்குச் செல்கிறதா என்பது அந்நிறுவனத்தின் நடைமுறையைப் பொறுத்தது.

மூன்றாவது டிப்ஸ். எவ்வளவு, யாருக்கு, கொடுப்பதா வேண்டாமா என்ற மூன்றையும் வாடிக்கையாளரே முடிவு செய்கிறார்.

சேவைக் கட்டணம் விருப்பத்தின் பாற்பட்டதே என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2017 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்தியது. பின்னர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி, உணவகமோ விடுதியோ சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்த்தல் ஆகாது. வேறு பெயரிட்டும் வசூலித்தல் ஆகாது. செலுத்துமாறு வற்புறுத்துதல் கூடாது. செலுத்த மறுப்பவரை உள்ளே விட மறுத்தலும் கூடாது. உணவின் விலையோடு சேர்த்து அம்மொத்தத்தின் மீது வரி விதித்தலும் கூடாது. இந்நெறிகளை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. சில காலம் இடைக்காலத் தடை நிலவியது. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அம்மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டு நெறிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது.

சங்கங்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று நம் பாடத்துக்கு நேரடித் தொடர்புடையது. டிப்ஸ் பரிமாறுபவரின் கைக்கு மட்டுமே செல்கிறது. சேவைக் கட்டணமோ கண்ணுக்குத் தெரியாத பின்கட்டு ஊழியர் உட்பட அனைவருக்கும் பகிரப்படுகிறது என்பதே அது. வாதத்தின் சட்ட வலிமையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அது சுட்டும் சிக்கல் மட்டும் உண்மையானது. கட்டாயக் கட்டணம் இல்லாத நிலையில், பாத்திரம் கழுவுபவரின் பங்கு எங்கிருந்து வரும்? அதற்கான விடை, விருப்பத்துடன் கொடுக்கப்படும் டிப்ஸை முறையாகப் பங்கிடுவதில்தான் இருக்கிறது.

டிப்ஸ் ஊதியமா?

இக்கேள்வி நம் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒருமுறைக்கு மேல் வந்துள்ளது. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் தொடர்பான 1976ஆம் ஆண்டு வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸை ஊதியத்தின் பகுதியாகக் கொள்ள இயலாது என நீதிமன்றம் கருதியது. 2016 ஏப்ரல் 26 அன்று ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் இது வருமான வரி நோக்கில் விரிவாக ஆராயப்பட்டது. வாடிக்கையாளர் கடன் அட்டை மூலம் பில்லோடு சேர்த்துத் தந்த டிப்ஸை ஓட்டல் பெற்று, பின்பு ஊழியர்க்கு வழங்கியது. அது சம்பளமே, ஓட்டல் அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்பது வருமான வரித் துறையின் நிலைப்பாடு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிப்ஸ் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. வேலை ஒப்பந்தத்தின்படி முதலாளி தருவதன்று. ஓட்டல் அத்தொகையை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்து ஊழியரிடம் சேர்ப்பிக்கிறது என்று தீர்ப்பு கூறியது. ஊழியரின் கையில் அது பிற வழி வருமானமாக வரிக் கணக்கில் வரும் என்பதையும் சுட்டியது.

இத்தீர்ப்புகளிலிருந்து உணவகம் நடத்துவோர் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, டிப்ஸ் நன்றாக வருகிறது என்பதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது முறையன்று. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் முதலாளி தன் பணத்திலிருந்து தர வேண்டியது. இரண்டு, பொதுவில் சேர்ந்த டிப்ஸ் முதலாளியின் வருவாயன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள். மூன்று, சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படும் வருங்கால வைப்பு நிதியில் டிப்ஸ் சேராது. எனவே டிப்ஸை மட்டும் நம்பி வாழும் ஊழியருக்கு முதுமைக்கான சேமிப்பு தானாக வளர்வதில்லை. இதற்கான வழியைப் பின்னர் பார்ப்போம்.

பங்கிடும் முறைகள்: ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். சிறிய உணவகம் ஒன்றில் ஒன்பது பேர் பணிபுரிகின்றனர். பரிமாறுவோர் நால்வர், சமைப்போர் இருவர், மேசை துடைப்பவர் ஒருவர், பாத்திரம் கழுவுவோர் இருவர். ஒரு மாதத்தில் சேர்ந்த டிப்ஸ் 36,000 ரூபாய்.

முதல் முறை: பெற்றவரே வைத்துக்கொள்வது. பரிமாறும் நால்வருக்கும் சராசரியாக 9,000 ரூபாய் கிடைக்கும். மற்ற ஐவருக்கும் ஒன்றும் இல்லை. பரிமாறுவோருக்குள்ளும் சமநிலை இராது. குடும்பங்கள் அமரும் பெரிய மேசைகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன, வார இறுதி மாலைப் பணி யாருக்கு வாய்க்கிறது என்பவையே வருமானத்தை முடிவு செய்யும். மேசை ஒதுக்கும் மேற்பார்வையாளருக்கு வேண்டியவர் எவரோ அவரே மிகுதியாகப் பெறுவார். எளிமையும் உடனடித் தன்மையும் இம்முறையின் சிறப்புகள். அவற்றுக்குக் கொடுக்கும் விலை பெரிது.

இரண்டாம் முறை: சமமாகப் பகிர்வது. ஒன்பது பேருக்கும் தலா 4,000 ரூபாய். கேட்பதற்கு இனியது. ஆனால் மாதம் முழுவதும் 26 நாள் உழைத்தவரும் 20 நாள் வந்தவரும் ஒரே தொகை பெறுகின்றனர். வாடிக்கையாளரின் கோபத்தையும் நேரில் தாங்கும் சர்வர், தன் திறமைக்கு மதிப்பில்லை என எண்ணலாம். மூவர் நால்வர் மட்டும் உள்ள சிறு கடைக்கே இது பொருந்தும்.

மூன்றாம் முறை: புள்ளியும் நாளும் சேர்ந்த கணக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி குறித்து, அதை வந்த நாட்களால் பெருக்குவது. பரிமாறுபவருக்கு நாளொன்றுக்கு 10 புள்ளி, சமைப்பவருக்கு 8, மேசை துடைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் 6 என ஊழியர் கூடிப் பேசி முடிவு செய்தனர் எனக் கொள்வோம்.

பரிமாறுவோர் நால்வரும் முறையே 26, 26, 24, 20 நாட்கள் வந்தனர். மொத்தம் 96 நாட்கள், 960 புள்ளிகள்.

சமைப்போர் இருவரும் 26, 25 நாட்கள். மொத்தம் 51 நாட்கள், 408 புள்ளிகள்.

மேசை துடைப்பவர் 26 நாட்கள். பாத்திரம் கழுவுவோர் 24, 22 நாட்கள். மொத்தம் 72 நாட்கள், 432 புள்ளிகள்.

அனைத்தும் சேர்ந்து 1,800 புள்ளிகள். 36,000 ரூபாயை 1,800 ஆல் வகுத்தால் புள்ளிக்கு 20 ரூபாய். 26 நாள் வந்த சர்வருக்கு 5,200 ரூபாய். 20 நாள் வந்தவருக்கு 4,000 ரூபாய். 26 நாள் சமைத்தவருக்கு 4,160 ரூபாய். 22 நாள் பாத்திரம் கழுவியவருக்கு 2,640 ரூபாய்.

இதில் பரிமாறுவோர்க்கு முதல் முறையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. அதை மறைக்காமல் அவர்களிடம் முன்னதாகவே பேச வேண்டும். பொதுக்கணக்கிற்குச் சம்மதிக்கும் சர்வர் எதைப் பெறுகிறார்? மேசை கிடைக்காத நாளிலும் வருமானம். தன் ஆர்டரைத் தாமதப்படுத்தாத சமையற்கூடம். விரைவாகத் துடைக்கப்படும் மேசை. அவ்வளவிற்கும் அவர் மனம் இசையவில்லையெனில் ஓர் இடைவழியும் உண்டு. கையில் நேரடியாகக் கொடுக்கப்படும் பணத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கை அவரே வைத்துக்கொண்டு, மீதியைப் பொதுவில் சேர்க்கலாம். அட்டை மூலமும் கியூ.ஆர். குறியீடு மூலமும் வருவது முழுவதும் பொதுவில் சேரலாம். எந்த விகிதமாயினும் முன்னரே எழுதப்பட்டிருப்பதே முக்கியம்.

தங்கும் விடுதிகளிலும் இதே நிலைதான். பெட்டி தூக்குபவரை விருந்தினர் காண்கிறார். விரிப்பு மாற்றி, குளியலறையைத் தேய்த்துத் துலக்குபவரைப் பெரும்பாலும் காண்பதில்லை. காணப்படாத உழைப்பையும் கணக்கில் கொண்டுவருவதே புள்ளி முறையின் பயன்.

விதிகளை எழுதும்போது

பிரிட்டனில் இதற்கெனவே ஒரு சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே சேர வேண்டும், வாடிக்கையாளர் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் வழங்க வேண்டும், எழுத்து வடிவில் கொள்கை இருக்க வேண்டும், மூன்றாண்டுக் கணக்கு பேணப்பட வேண்டும் என்பவை அதன் சாரம். நம் நாட்டில் இத்தகைய தனிச்சட்டம் இல்லையெனினும், நல்லெண்ணமுள்ள நிறுவனம் தானாகவே ஒரு பக்க விதியை எழுதிக்கொள்ளத் தடையில்லை. அதில் பின்வருவன இடம்பெறுதல் நலம்.

1. பங்கு பெறுவோர் யாவர் என்பது. ஒப்பந்த ஊழியரும் பகுதிநேர ஊழியரும் வந்த நாட்களுக்கேற்பச் சேர்க்கப்பட வேண்டும். உரிமையாளரும், சம்பளத்தை முடிவு செய்யும் மேலாளரும் பங்கு பெறலாகாது.

2. கழித்தல்கள் இல்லை என்பது. உடைந்த கண்ணாடிக் குவளைக்கும், பணம் கட்டாமல் சென்றவரின் பில்லுக்கும் பொதுத் தொகையிலிருந்து பிடித்தம் செய்தல் முறையன்று.

3. இடையில் விலகுவோரின் பங்கு. மாதத்தின் பத்தாம் நாள் வேலையை விட்டவருக்கும் அப்பத்து நாட்களுக்குரிய பங்கு உண்டு. பெரும்பாலான சச்சரவு இங்கேதான் எழுகிறது.

4. எண்ணும் முறை. உண்டியலை இருவர் சேர்ந்து திறக்க வேண்டும். ஒருவர் முன்கட்டிலிருந்தும் மற்றவர் பின்கட்டிலிருந்தும் வருதல் சிறப்பு. தொகையை ஏட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

5. அறிவிப்பு. மாதத் தொகை, மொத்தப் புள்ளி, புள்ளிக்கு எவ்வளவு என்ற மூன்று எண்களும் ஊழியர் அறையில் ஒட்டப்பட வேண்டும். இம்மூன்று எண்களும் தெரிந்தால் எவரும் தம் பங்கைத் தாமே சரிபார்க்கலாம்.

6. மொழி. இன்று பல நகரங்களின் சமையற்கூடங்களில் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் உள்ளனர். அவர்கள் படிக்கும் மொழியில் விதி இல்லையெனில், அது அவர்களுக்கு இல்லாத விதியே.

பணம் செல்லும் வழி

காசாக வந்த டிப்ஸ் உண்டியலில் தெளிவாகத் தெரிந்தது. கைப்பேசியில் வரும் டிப்ஸ் அப்படித் தெரிவதில்லை. வாடிக்கையாளர் 460 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாயை கியூ.ஆர். மூலம் செலுத்துகிறார். மிகுதியான 40 ரூபாய் அன்றைய விற்பனையோடு கலந்துவிடுகிறது. முதலாளிக்குக் கெட்ட எண்ணம் இல்லாதபோதும் அத்தொகை மறைந்துவிடும்.

இதற்கு எளிய தீர்வு தனிக் கணக்கு. டிப்ஸுக்கென வேறு வங்கிக் கணக்கையும் அதற்கான கியூ.ஆர். குறியீட்டையும் வைத்து, 'ஊழியர் அன்பளிப்பு, விருப்பமிருப்பின்' என்று எழுதி ஒட்டலாம். அட்டை இயந்திரத்தில் செலுத்தப்படும் டிப்ஸைப் பில் தொகையிலிருந்து பிரித்து நாள்தோறும் ஏட்டில் குறிக்க வேண்டும். விற்பனையும் அன்பளிப்பும் வெவ்வேறாக இருந்தால் வரிக் கணக்கிலும் குழப்பம் நேராது. எவ்வாறு காட்டுவது என்பதைத் தணிக்கையாளரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

வழங்கும்போதும் ஒவ்வோர் ஊழியரின் சேமிப்புக் கணக்கிற்கும் நேரடியாக அனுப்புவதே சிறந்தது. ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லும்போது, எளியவரின் பங்கே முதலில் குறைகிறது. கணக்கு அறிக்கையில் பதிவாகும் தொகைக்குச் சாட்சி தேவையில்லை.

பெறுபவர் கவனத்திற்கு

டிப்ஸ் ஒரே சீராக வருவதன்று. திருமணக் காலத்திலும் விடுமுறையிலும் பெருகும், மழைக்காலத்தில் வற்றும். அதனால் பெருகும் மாதத்தை அளவாகக் கொண்டு கடன் தவணையை ஏற்பது ஆபத்து. சம்பளத்தைக் கொண்டு வீட்டுச் செலவையும், டிப்ஸைக் கொண்டு சேமிப்பையும் நடத்துவது பாதுகாப்பான பழக்கம்.

மேற்கண்ட கணக்கில் 2,640 ரூபாய் பெற்றவரை எடுத்துக்கொள்வோம். அவர் மாதம் 500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டால் ஓராண்டில் 6,000 ரூபாயும் வட்டியும் சேரும். பள்ளி திறக்கும் மாதத்தில் வட்டிக்கடைக்குச் செல்லும் தேவை அவ்வளவுக்குக் குறையும். ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இரண்டு இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாயில் ஜீவன் ஜோதி திட்டத்தில் இரண்டு இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. 18 முதல் 40 வயது வரையுள்ளோர் தகுதிக்குட்பட்டு அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். கொதிக்கும் எண்ணெய்க்கும் வழுக்கும் தரைக்கும் அருகில் நிற்பவர்களுக்கு இவை ஆடம்பரம் அல்ல.

உண்போர் செய்யத்தக்கவை

நம் பங்கும் இதில் உண்டு. பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால், விருப்பமில்லாதபோது அதை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். பரிமாறியவரிடம் சினம் காட்டுவதில் பயனில்லை. பில்லைத் தீர்மானிப்பவர் அவரல்லர்.

கட்டணத்தை நீக்கச் சொன்ன கையோடு, உணவும் உபசரிப்பும் மனத்துக்கு நிறைவாக இருந்தால் இயன்றதை விருப்பத்துடன் வைத்துச் செல்லலாம். "இது உள்ளே இருப்பவர்களுக்கும் சேருமா, தம்பி?" என்று ஒரு சொல் கேட்கலாம். அக்கேள்வியைப் பத்து வாடிக்கையாளர் கேட்டால், பதினோராவது நாள் முதலாளியும் அதைக் கேட்கத் தொடங்குவார்.

உணவகம் நடத்தும் வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இம்மாத இறுதியில் ஊழியர் அனைவரையும் அரைமணி நேரம் அமர வைத்து, ஒரு தாளில் மேற்கண்ட கணக்கை உங்கள் கடையின் எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். புள்ளிகளை அவர்களே சொல்லட்டும். பாத்திரம் கழுவுபவர் கடைசியில் பேசுவார்; அவர் பேசி முடிக்கும் வரை தாளை மடிக்காதிருங்கள்.